கைத்தொலைபேசிக் கடையா, பக்கத்துக் கடையா?



சம்பளம் பேங்கில் விழுந்து மூன்று நான்கு நாள் ஆனதும் தோட்டத்துக் காவல் சாவடிப் பக்கம் பாருங்கள். பார்சல் வண்டி வந்து நிற்கிறது. லயத்து எண்ணையும் வீட்டுக்காரர் பெயரையும் கூப்பிட்டுக் கூப்பிட்டே வண்டிக்காரப் பையன் களைத்துப் போகிறான். சேலை, பானை, பிள்ளைக்குப் பை, மோட்டார் சைக்கிளுக்குக் கண்ணாடி என்று எல்லாமே பெட்டியில் வந்து இறங்குகின்றன. அதே நேரத்தில் நம் மளிகைக் கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்து, இந்த மாதம் யார் யார் பாக்கி கட்டினார்கள் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இயங்கலையில் வாங்குவது நல்லதா, கெட்டதா என்று நம்மிடம் பலர் கேட்கிறார்கள். அப்படிக் கேட்டால் பதில் கிடைக்காது. எந்தப் பொருளை எங்கே வாங்குவது, எந்தக் காசில் வாங்குவது என்று கேட்க வேண்டும். பாடுபட்டுச் சம்பாதிக்கும் காசு நம்முடையது. அது போகிற வழியையும் நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.

தேடிப் பெற்ற உரிமை

தோட்டத்துக் கடை நம் பாட்டன், பூட்டன் காலத்தில் எப்படி இருந்தது என்று வீட்டிலே பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். பல தோட்டங்களில் கடை ஒன்றுதான். கடைக்காரருக்கும் கங்காணிக்கும் உறவு இருக்கும். அரிசியும் கருவாடும் கடனில் வரும். சம்பள நாளில் காசு கைக்கு வருமுன்னே கணக்குத் தீர்ந்துவிடும். மிச்சம் என்ன என்று கேட்டால், அடுத்த மாதக் கடன்தான் மிச்சம்!

அந்த நிலை தானாக மாறவில்லை. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வந்தது. தொழிலாளி தன் சம்பளத்தை எந்த இடத்தில், எந்த வகையில், யாரிடம் செலவழிக்க வேண்டும் என்று முதலாளி நிபந்தனை போட முடியாது. போட்டாலும் செல்லாது என்று அதன் 26-வது பிரிவு சொல்கிறது. நம் சம்பளத்தை நம் விருப்பம் போல் செலவழிப்பது சட்டம் தந்த உரிமை.

முன்பு ஒரே கடை இருந்ததால் நமக்கு வேறு வழியில்லை. இன்று கைத்தொலைபேசிக்குள் ஆயிரம் கடை இருக்கிறது. ஆனால் யோசிக்க நேரமில்லை. 'இன்னும் பத்து நிமிடத்தில் மலிவு விற்பனை முடிகிறது' என்று அது நம்மை விரட்டுகிறது. விரட்டுகிறவனிடம் அவசரப்பட்டுக் காசைக் கொடுப்பவனும் உரிமையை இழந்தவனே.

விலை வேறு, செலவு வேறு

போனில் தெரிவது விலை. நம் கையை விட்டுப் போவது செலவு. இரண்டும் ஒன்றல்ல.

ஓர் உதாரணம் சொல்வோம். பிள்ளைக்குப் பள்ளிச் சப்பாத்து வாங்க வேண்டும். பட்டணத்துக் கடையில் 35 வெள்ளி, போனில் 24 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அனுப்பும் கூலி 5 வெள்ளி. மிச்சம் 6 வெள்ளி. சந்தோஷம்தான். பெட்டி வந்து பிரித்தால் காலுக்குச் சின்னது! திருப்பி அனுப்ப வேண்டும். பார்சல் நிலையம் பட்டணத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அது திறந்திருக்குமா? வேலை நாளில் போனால் அரை நாள் சம்பளம் போகும்.

அரை நாள் என்றால் எவ்வளவு? 2025-இல் நடப்புக்கு வந்த உத்தரவின்படி குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வாரத்தில் ஆறு நாள் வேலை செய்பவருக்கு அது நாளைக்கு 65 வெள்ளி 38 காசு. அரை நாளுக்கு 32 வெள்ளிக்கு மேல் வருகிறது. ஆறு வெள்ளியை மிச்சப்படுத்தப் போய் முப்பத்திரண்டை விட்டோம்.

இந்தக் கணக்கு மறுபக்கமும் திரும்பும். பழைய மோட்டார் சைக்கிளுக்கு ஒரு சின்னச் சாமான் வேண்டும். பட்டணத்தில் மூன்று கடை ஏறி இறங்கினாலும் 'ஸ்டாக் இல்லை' என்கிறார்கள். எண்ணெய்ச் செலவு, அலைச்சல், ஒரு நாள் ஓய்வு எல்லாம் போகிறது. அதே சாமானின் எண்ணைப் பார்த்துப் போனில் தேடினால் நாலைந்து நாளில் வீட்டு வாசலுக்கே வருகிறது. அந்த இடத்தில் போன்தான் மலிவு.

ஆகவே, வாங்குவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். பொருள் சரியில்லை என்றால் மாற்றிக்கொள்வது சுலபமா? அது வரும்வரை பொறுத்திருக்க முடியுமா? அனுப்பும் கூலி, வரி, போய்வரும் செலவு எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு? மூன்றுக்கும் பதில் சாதகமாக இருந்தால் போனில் வாங்கலாம். ஒன்று இடித்தாலும் கடைக்கு நடப்பதே மேல்.

வரி என்றோமே, அதையும் சொல்லிவிடுகிறோம். வெளிநாட்டிலிருந்து நேராக வரும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கு 2024 ஜனவரி 1 முதல் நூற்றுக்குப் பத்து விற்பனை வரி உண்டு. கடைசியில் காட்டும் மொத்தத் தொகையைப் பார்த்த பிறகே பொத்தானை அழுத்துங்கள்.

எது எங்கே?

போனில் வாங்கத் தக்கவை சில உண்டு. பிள்ளைகளின் எஸ்.பி.எம். பயிற்சிப் புத்தகம், தமிழ் அகராதி, பக்கத்துப் பட்டணத்தில் கிடைக்காத உதிரிப் பாகம், அளவு மாறாத பாத்திரம், விலையை ஒப்பிட்டுப் பார்த்து நிதானமாக வாங்கும் சாமான் ஆகியவை. இவற்றில் ஏமாற்றம் குறைவு, அவசரமும் இல்லை.

கடையில் வாங்க வேண்டியவையும் உண்டு. அரிசி, மாவு, காய்கறி, மீன் போன்றவற்றைக் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு வாங்குவதே முறை. வளரும் பிள்ளையின் சப்பாத்தும் உடுப்பும் போட்டுப் பார்த்து வாங்க வேண்டியவை. பொருளில் பழுது இருந்தால் மறுநாளே கடைக்காரர் முகத்தைப் பார்த்துக் கேட்கலாம். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று கடையில் எழுதித் தொங்கவிட்டிருந்தால் பயந்துவிடாதீர்கள். பழுதான பொருளை விற்றவர் பொறுப்பேற்க வேண்டும் என்பது 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். பலகை சட்டத்தைவிடப் பெரிதல்ல.

இரண்டு பொருளில் மட்டும் விலையைப் பார்த்து மயங்கவே கூடாது.

ஒன்று, மின்சாரச் சாமான். மலிவாகக் கிடைக்கிறதே என்று பிளக், நீட்டு வயர், சார்ஜர், தண்ணீர் சூடுபண்ணும் கம்பி என்று வாங்கிக் குவிக்கிறோம். பல லயங்களில் வயர் இழுத்து எத்தனையோ வருடமாகிவிட்டது. ஒரு வீட்டில் பிடித்த தீ அந்த வரிசை முழுவதையும் தின்றுவிடும். பிளக், நீட்டு வயர், இஸ்திரிப் பெட்டி போன்றவற்றில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். போனில் வாங்கினாலும் கடையில் வாங்கினாலும் இதே விதிதான். முத்திரை இல்லையா? இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

இரண்டு, மருந்தும் முகம் வெளுக்கும் கிரீமும். பதிவுபெற்ற மருந்துப் பெட்டியில் எம்.ஏ.எல். என்ற எழுத்துகளோடு ஒரு பதிவு எண்ணும், மின்னும் பாதுகாப்பு முத்திரையும் இருக்கும். இவை இல்லாத மூட்டு வலி மாத்திரையையும் மெலியும் மருந்தையும் வாங்கி விழுங்குவது உயிரோடு விளையாடுவதாகும். சில கிரீம்களில் பாதரசம் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சே பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது.

கடையிலும் வேண்டாம், போனிலும் வேண்டாம் என்று நாம் சொல்லும் பொருளும் உண்டு. வேலைக்கான தலைக்கவசம், கையுறை, மருந்தடிக்கும்போது போடும் மூக்கு மூடி, பூட்ஸ் ஆகியவைதாம் அவை. செம்பனை வெட்டும் ஒரு தம்பி பெருமையாகச் சொன்னார்: "அண்ணே, போன்ல ஆஃபர் போட்டான், ஹெல்மெட்டும் கிளவுஸும் நானே வாங்கிட்டேன்." நாம் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "உன் காசுல ஏன் தம்பி வாங்குனே?" வேலையிடப் பாதுகாப்புக்காகச் சட்டப்படி கொடுக்க வேண்டியதற்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது என்று 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சொல்கிறது. அதைக் கொடுப்பது நிர்வாகத்தின் கடமை. கொடுக்கவில்லையா? சங்கத் தலைவரிடம் சொல்லுங்கள். ஆஃபரைத் தேட வேண்டாம்.

பாக்கி யார் தலையில்?

இப்போது மனம் நோகும் விஷயத்துக்கு வருகிறோம்.

ஒரு தோட்டத்துக் கடைக்காரர் தம் மேசை இழுப்பறையைத் திறந்து நம்மிடம் காட்டினார். அதில் நாற்பது, ஐம்பது சின்னக் கணக்குப் புத்தகம். நமக்கெல்லாம் தெரிந்த அதே 555 புத்தகம்தான். "தலைவரே, போன்ல வாங்குறத நான் தப்புன்னு சொல்லல. ஆனா ஒண்ணு கேக்குறேன். கைக்காசுன்னா போனுக்கு, கடன்னா எனக்கா?" என்றார்.

நாம் என்ன பதில் சொல்வது? அவர் கேட்டது நியாயம்.

பால்மரத் தோட்டத்தில் ஆண்டுக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டால் வெட்டு இல்லை. மழை விட்டதும் இலையுதிர் காலம், பால் குறைந்துவிடும். செம்பனையிலும் பழம் குறையும் மாதம் உண்டு. அந்த மாதங்களில் பள்ளிச் செலவும் சேர்ந்துகொள்ளும். அப்போது, 'அக்கா, எடுத்துக்கிட்டுப் போங்க, அப்புறம் பாத்துக்கலாம்' என்று சொல்வது யார்? கைத்தொலைபேசிக் கம்பெனியா? பிள்ளைக்கு நள்ளிரவில் காய்ச்சல் என்றால் கதவைத் தட்டிக் கேட்க அதற்கு வாசல் இருக்கிறதா?

பல தோட்டங்களில் குடும்பங்கள் பட்டணத்துக்குப் போய்விட்டன. மிச்சமிருக்கும் சில குடும்பங்களை நம்பித்தான் கடை நடக்கிறது. ரொக்கமெல்லாம் வெளியே போய், கடன் மட்டும் உள்ளே வந்தால் எந்தக் கடை நிற்கும்? ஒருநாள் பலகை போட்டு மூடிவிடுவார். அன்று வயதான பாட்டி அரைக் கிலோ சீனிக்குப் பட்டணத்துக்குப் பஸ் ஏற வேண்டும்.

இதற்காகக் கடைக்காரர் சொன்ன விலைக்கெல்லாம் தலையாட்டச் சொல்லவில்லை. கடன் கொடுக்கிறேன் என்று விலையை ஏற்றி எழுதுவோரும் இருக்கிறார்கள். வாங்காத சாமானைக் கணக்கில் சேர்ப்போரும் இருக்கிறார்கள். புத்தகம் கடையில் மட்டும் இருந்தால் சண்டையில்தான் முடியும். உங்களிடமும் ஒரு புத்தகம் இருக்கட்டும். சாமான் எடுக்கும்போதே தேதி, பொருள், விலை மூன்றையும் இரண்டிலும் எழுதச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை ஒத்துப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா இருந்தால் பள்ளிக்குப் போகும் பேரப்பிள்ளை எழுதட்டும். கணக்கு நேராக இருந்தால் உறவும் நேராக இருக்கும்.

"பிறகு கட்டலாம்" என்ற புதுப் புத்தகம்

கடைக்காரர் புத்தகத்துக்குப் பயந்தவர்கள் இப்போது வேறொரு புத்தகத்தில் பெயர் எழுதிக்கொள்கிறார்கள். 'இப்போது வாங்குங்கள், பிறகு கட்டுங்கள்' என்று போனில் வரும் தவணைக் கடன்தான் அது. காசு இல்லாமலே பொருள் வருகிறது. கேட்பதற்கு இனிப்பாக இருக்கிறது.

கணக்குப் போடுவோம். 300 வெள்ளிக்குச் சாமான், ஆறு மாதத் தவணை. மாதம் நூற்றுக்கு ஒன்றரை வெள்ளி கூடுதல் என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 4 வெள்ளி 50 காசு. ஆறு மாதத்தில் 27 வெள்ளி. ஒரு தவணை தவறினால் தாமதக் கட்டணம் தனி. இது ஒரு சாமானுக்கு மட்டும். ஒரு தாயார் சொன்னார்: "சேலைக்கு ஒரு தவணை, மிக்சிக்கு ஒண்ணு, மகன் போனுக்கு ஒண்ணு. எல்லாம் சின்னச் சின்னதுதான் அண்ணே. மாசக் கடைசில கூட்டிப் பாத்தா இருநூத்தி எழுபது வெள்ளி!" அவர் குடும்பத்தின் மளிகைச் செலவில் பெரும்பங்கு அது.

இதுவும் கடன்தான் என்பதில் சந்தேகம் வேண்டாம். 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பயனீட்டாளர் கடன் சட்டம் இந்தத் தவணை வியாபாரத்தையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவருகிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். நமக்கு நாமே ஒரு விதி வைத்துக்கொள்வோம். தின்பதற்கும் உடுப்பதற்கும் போன் தவணை வேண்டாம். ஒரு தவணை முடியாமல் இன்னொன்று வேண்டாம். மழை மாதத்தைத் தாண்டிப் போகும் தவணை வேண்டவே வேண்டாம்.

கடைக்காரருக்கு நம் வீட்டு நிலைமை தெரியும். அடுத்த மாதம் என்றால் முகம் சுளித்தாலும் பொறுப்பார். போனில் இருக்கும் கணக்குக்கு நம் வீட்டு நிலைமை தெரியாது.

ஏமாறாமல் இருக்க

பொருளை விற்பவர் தம் பெயர், பதிவு எண், தொடர்பு கொள்ளும் வழி, முழு விலை, அனுப்பும் கூலி, எத்தனை நாளில் வரும் என்ற விவரம் எல்லாவற்றையும் காட்ட வேண்டும். 2012-இல் வந்து, 2024-இல் புதுப்பிக்கப்பட்ட இயங்கலை வாணிப விதிமுறை இதைக் கேட்கிறது. பெயரும் விலாசமும் இல்லாதவரிடம் வாங்காதீர்கள்.

ஷோப்பி, லசாடா போன்ற சந்தைகளில் வாங்கினால் காசை அந்தச் சந்தையின் வழியாகவே கட்டுங்கள். 'நேராக என் பேங்க் கணக்கில் போடு, இன்னும் குறைக்கிறேன்' என்பவனிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள். பார்சலைப் பிரிக்கும்போது பிள்ளைகளை விட்டுப் போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். பொருள் சரியாக இருக்கிறது என்று பார்த்த பிறகே 'பெற்றுக்கொண்டேன்' என்ற பொத்தானை அழுத்துங்கள். அதை அழுத்திவிட்டால் காசு விற்றவரிடம் போய்விடும்.

வீட்டில் காசு கொடுத்து வாங்கும் முறையிலும் கள்ளத்தனம் நடக்கிறது. யாரும் கேட்காத பார்சல் வரும். வீட்டிலிருக்கும் பாட்டி, மகள் வாங்கியிருப்பாள் என்று நினைத்துக் காசைக் கொடுத்துவிடுவார். பிரித்தால் பழந்துணி! ஆகவே, பார்சல் வருவதாக இருந்தால் வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். சொல்லாத பார்சலுக்குக் காசு இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஏமாந்துவிட்டால் 'போனது போகட்டும்' என்று உட்கார வேண்டாம். மோசடிக்காரனுக்குப் பேங்க் வழியாகக் காசு போய்விட்டது தெரிந்தவுடன் 997 என்ற எண்ணுக்கு அழையுங்கள். 2022-இல் தொடங்கிய தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் அது. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு நல்லது. போலீஸ் புகாரும் செய்யுங்கள்.

பொருள் பழுது, சொன்னது ஒன்று வந்தது ஒன்று, காசைத் திருப்பித் தரவில்லை என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மலாயில் துரிபுனல் பெங்குனா என்பார்கள். மனுப் போட 5 வெள்ளிதான். வழக்கறிஞர் வேண்டாம். 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம். மூன்று வருடத்துக்குள் கேட்க வேண்டும். ரசீது, பேசிய செய்தி, எடுத்த படம் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருங்கள். விற்றவர் வெளிநாட்டில் இருந்தால் அவரை இங்கே இழுப்பது கடினம். உள்நாட்டு விற்பனையாளரைத் தேடி வாங்குங்கள் என்று நாம் சொல்வது இதனால்தான்.

கூடிப் பேசினால் வழி பிறக்கும்

தனியாகப் போய் விலை கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். இருபது வீடு சேர்ந்து போனால் உட்காரச் சொல்வார். சங்கம் கற்றுத்தந்த பாடம் சம்பளத்துக்கு மட்டுமா? சாமானுக்கும் அது பொருந்தும்.

போனில் இருக்கும் விலையைக் கடைக்காரரிடமே காட்டுங்கள். "இந்தச் சவர்க்காரத்தை நாங்க இருபது வீடு மாசாமாசம் வாங்குறோம். பெட்டியா எடுத்தா என்ன விலைக்குத் தருவீங்க?" என்று கேளுங்கள். மொத்தமாக எடுத்தால் அவருக்கும் கட்டுபடியாகும். போனில்தான் வாங்க வேண்டும் என்றால் நாலு வீடு சேர்ந்து ஒரே பார்சலாக வாங்குங்கள். அனுப்பும் கூலி நாலாகப் பிரியும்.

இன்னொன்றும் கேளுங்கள். 2025-இல், 18 வயதும் அதற்கு மேலும் ஆன மலேசியர் ஒவ்வொருவருக்கும் அடையாளக் கார்டின் வழியாக 100 வெள்ளி ரஹ்மா அடிப்படை உதவியை அரசாங்கம் கொடுத்தது. அதைப் பதிவுசெய்த கடைகளில் நேரில் போய்ச் சாமானாகத்தான் வாங்க முடிந்தது. தோட்டத்துப் பக்கத்தில் பதிவுசெய்த கடை இல்லாதவர்கள் பட்டணத்துக்குப் போய்ச் செலவழித்தார்கள். நம் கடைக்காரர் அந்தத் திட்டத்தில் பதிந்திருக்கிறாரா? இல்லையென்றால், பதியச் சொல்லிப் படித்த பிள்ளை ஒருவரைக் கூடவே அனுப்புங்கள். அந்தக் காசு நம் கடையிலே புழங்கட்டும்.

தோழர்களே! வரும் சம்பள நாளில் ஒரு வேலை செய்யுங்கள். காசை எடுத்தவுடன் முதலில் கடைப் பாக்கியைக் கட்டுங்கள். முழுதும் முடியாவிட்டால் பாதியாவது கட்டுங்கள். பிறகு வீட்டிலுள்ளவர்களோடு உட்கார்ந்து வாங்க வேண்டியதைத் தாளில் எழுதுங்கள். எது கடையில், எது போனில், எது அடுத்த மாதம் என்று பக்கத்திலே குறியுங்கள். அதற்கப்புறம் போனைத் திறக்கலாம்.

மழைக்காலம் எந்த ஆண்டும் வரத்தான் செய்யும். அன்று நமக்காகத் திறந்திருக்கும் கதவு எதுவோ, அதைச் சம்பள நாளில் மறவாதிருப்போம்.